நாலரை மணி நேரத் தூக்கம் பழகிவிடுமா?

கதிர்_பெருங்குடி

எனக்கு அமெரிக்க நேர ஷிஃப்ட். மாலை ஏழரைக்கு லாகின், அதிகாலை நாலரைக்கு முடியும். வீடு வந்து படுக்க ஆறு ஆகிவிடும். பத்தரைக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது, அதற்கு மேல் புரண்டாலும் தூக்கம் இல்லை. நாலைந்து வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. முதல் வருடம் கஷ்டமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடித்துப்போட்டது மாதிரி தூங்குவேன். இப்போது அலுவலகத்தில் எடுத்த உடல் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 114 என்று வந்திருக்கிறது. வயது 34. குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லை. தொப்பை கொஞ்சம் உண்டு. வீட்டில் இரண்டு புகார்: சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறேனாம், குறட்டைச் சத்தம் தாங்க முடியவில்லையாம்.

கேள்வி இரண்டு. தூக்கத்துக்கும் சர்க்கரைக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா? இன்னொன்று, கம்பெனி கேப் நாலு பேரை வழியில் இறக்கிவிட்டு வருவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. பேசாமல் பைக்கில் போய் வந்தால் அந்த நேரம் தூங்க மிச்சமாகும். செய்யலாமா?

சும்மா_ஒருவன்

எட்டு மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும் என்பதெல்லாம் மெத்தைக் கடைக்காரர்கள் கிளப்பிவிட்டது. என் தாத்தா இரவு பதினொன்றுக்குப் படுத்து மூன்றரைக்கு எழுந்து ஏற்றம் இறைக்கப் போனவர். தொண்ணூறு தாண்டி வாழ்ந்தார், ஒரு மாத்திரை போட்டதில்லை. உடம்பு நாம் சொல்வதைக் கேட்கும். பைக் வாங்குங்கள் நண்பரே.

டாக்டர்_பொன்னி

கதிர், முதலில் சர்க்கரை. தொடர்பு உண்டு, அதுவும் நேரடியாகவே. 1999-இல் சிகாகோவில் ஈவ் வான் காட்டரின் குழு ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் தினம் நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தது. ஒருவருக்கும் சர்க்கரை நோய் கிடையாது. ஆறே இரவில் அவர்கள் உடம்பு குளுக்கோஸைக் கையாண்ட விதம் சர்க்கரை நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுடையதைப் போல ஆகிவிட்டது. மாலையில் இறங்க வேண்டிய கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன் இறங்காமல் நின்றது. பிறகு போதுமான அளவு தூங்கவிட்டதும் சரியாகிவிட்டது.

2004-இல் அதே குழுவினர் பசியை அளந்தார்கள். இரண்டு இரவு தூக்கத்தைக் குறைத்ததிலேயே 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, 'இன்னும் கொண்டுவா' என்று சொல்லும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. அந்தப் பசியும் கீரைக்கு வரும் பசி இல்லை, இனிப்புக்கும் மாவுப் பண்டத்துக்கும் வருவது. இரவு ஷிஃப்ட் அலுவலகங்களுக்கு வெளியே இரண்டு மணிக்கும் பரோட்டாக் கடை கூட்டமாக இருப்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

114 என்பது சர்க்கரை நோய் இல்லை; 100 முதல் 125 வரை அதற்கு முந்தைய நிலை. திரும்பி வர வழி இருக்கிற இடம்தான். ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஒன்று எடுத்துவிடுங்கள்.

அடுத்து 'பழகிவிட்டது'. இந்த இழையில் என்னை உட்கார்ந்து எழுத வைத்ததே அந்தச் சொல்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கன், டேவிட் டிங்கஸ் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஒரு பிரிவுக்குத் தினம் எட்டு மணி நேரம், ஒரு பிரிவுக்கு ஆறு, இன்னொன்றுக்கு நாலு என்று 14 நாட்கள். திரையில் எண் தெரிந்ததும் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான் சோதனை. எட்டு மணி நேரக்காரர்கள் கடைசி வரை ஒரே மாதிரி இருந்தார்கள். மற்ற இரண்டு பிரிவும் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போயின, சமன்படவே இல்லை. இரண்டு வாரக் கடைசியில் ஆறு மணி நேரக்காரர்களின் தடுமாற்றம், முழு இரவு தூங்காதவர்களின் அளவுக்கு வந்துவிட்டது.

ஆனால் அவர்களிடம் 'எவ்வளவு தூக்கமாக இருக்கிறது' என்று கேட்டபோது முதல் சில நாட்கள் 'ரொம்ப' என்றவர்கள், அப்புறம் 'கொஞ்சம்தான், பரவாயில்லை' என்று நின்றுவிட்டார்கள். வேலைத்திறன் இறங்கிக்கொண்டே போகிறது, இறங்குகிறது என்கிற உணர்வு மட்டும் பாதியில் நின்றுபோகிறது. நீங்கள் 'பழகிவிட்டது' என்று சொல்வது இந்த உணர்வைத்தான்.

சும்மா_ஒருவன்

அப்போ என் தாத்தா?

டாக்டர்_பொன்னி

தாத்தா மதியம் படுத்தாரா?

சும்மா_ஒருவன்

திண்ணையில் சாப்பிட்டுவிட்டு ஒரு கண் அசருவார். அதெல்லாம் தூக்கமா, டாக்டர்?

டாக்டர்_பொன்னி

எவ்வளவு நேரம் என்று பாட்டியைக் கேட்டால் சரியான கணக்கு வரும். :)

நிஜமாகவே குறைந்த தூக்கத்தில் நன்றாக இருக்கும் மனிதர்களும் உண்டு. 2009-இல் கலிபோர்னியாவில் யிங்-ஹுய் ஃபூ குழு ஒரு குடும்பத்தில் தாய்க்கும் மகளுக்கும் அப்படி ஒரு மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தது. இரண்டு பேரும் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் தூங்கினாலே போதும். ரொம்ப அபூர்வம். அவர்களை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது: விடுமுறை நாளிலும் அவர்கள் கூடுதலாகத் தூங்க மாட்டார்கள். கதிர் 'ஞாயிற்றுக்கிழமை அடித்துப்போட்டது மாதிரி' என்று எழுதியிருக்கிறார், கவனித்தீர்களா?

சும்மா_ஒருவன்

சரி, ஒப்புக்கொள்ளாமல் ஒன்று கேட்கிறேன். அமெரிக்காவில் ஒரு பள்ளி மாணவன் பதினோரு நாள் தூங்காமலே இருந்தானே? செத்துப்போகவில்லையே?

டாக்டர்_பொன்னி

ராண்டி கார்ட்னர், சான் டியேகோ, வயது 17. 1963 டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரியில் முடித்தார், 264 மணி நேரம். தூக்க ஆய்வாளர் வில்லியம் டிமென்ட் கூட இருந்து பார்த்தார். முடிந்தபின் 14 மணி நேரம் போல் தூங்கி எழுந்தார், ஆள் நன்றாகத்தான் இருந்தார். இந்தக் கதையில் எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான்.

கடைசி நாளில் அவரிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். 65 வரை வந்தார், நின்றுவிட்டார். ஏன் நிறுத்தினாய் என்றதற்கு, என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது என்றார். பல பத்தாண்டுகள் கழித்துத் தூக்கமின்மையால் கடுமையாக அவதிப்பட்டதாக அவரே பேட்டியில் சொன்னார். அந்தப் பதினோரு நாள்தான் காரணம் என்று நிரூபணம் கிடையாது, அதனால் அதை நான் வாதமாக வைக்கவில்லை. கின்னஸ் இப்போது இந்தச் சாதனையை ஏற்பதில்லை, ஆபத்து என்பதால்.

ரயிலடி

நான் ஓய்வு பெற்ற லோகோ பைலட், அதாவது ரயில் என்ஜின் ஓட்டுநர். டாக்டரம்மா சொன்னதை வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

என்ஜினில் விஜிலன்ஸ் கன்ட்ரோல் டிவைஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரு நிமிடம் த்ராட்டில், பிரேக், ஹார்ன் எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு எரியும். அப்புறம் பஸ்ஸர் அடிக்கும். அப்போதும் பொத்தானை அமுக்காவிட்டால் தானாக பிரேக் பிடித்து வண்டி நின்றுவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் தொடர்ச்சியாக நைட் பார்த்தவர்களைக் கேளுங்கள். விளக்கு எரிந்ததும் கை தானாகப் போய் அமுக்கிவிட்டு வரும், ஆள் அங்கே இருக்க மாட்டார். கண் திறந்திருக்கும். எதிரில் சிக்னல் தெரியும், ஆனால் பச்சையா மஞ்சளா என்பது மண்டைக்குப் போயிருக்காது. அதனால்தான் சிக்னலைப் பார்த்ததும் பைலட்டும் அசிஸ்டென்டும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள்.

இது மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள்தான் அதிகம். பகலில் ரன்னிங் ரூமில் (எங்கள் ஓய்வறை) எவ்வளவு தூங்கியிருந்தாலும் அந்த நேரம் வந்தால் உடம்பு கீழே இழுக்கும். விடிந்து வெளிச்சம் வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும். 'நான் நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று நினைப்பதும் அப்போதுதான்.

2024 ஜூனில் தென்னக ரயில்வேயில் பைலட்டுகள் போராடியது நினைவிருக்கலாம். வாரத்துக்கு 46 மணி நேரம் தொடர் ஓய்வு, தொடர்ந்து இரண்டு நைட்டுக்கு மேல் போடாதே. சம்பளத்துக்காக என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கேட்டதில் முக்கியமானது தூக்கம், அவ்வளவுதான்.

கதிர் தம்பி, பைக் வேண்டாம்.

டாக்டர்_பொன்னி

ஐயா சொன்னதற்கு ஒரு கணக்கு சேர்க்கிறேன். 1997-இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் ஒரே ஆட்களை ஒரு நாள் தூங்காமல் வைத்தும் இன்னொரு நாள் குடிக்க வைத்தும் ஒப்பிட்டார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை-கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருக்குச் சமம். 24 மணி நேரம் என்றால் 0.10 சதவீதம். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் உச்சம் 0.03.

கதிர் எழுவது காலை பத்தரை. பைக்கை எடுப்பது மறுநாள் அதிகாலை ஐந்துக்கு முன்னால். கிட்டத்தட்ட பதினெட்டு மணி நேரம், அதுவும் முந்தைய நாட்களின் தூக்கக் கடன் சேர்க்காமல், அதுவும் ஐயா சொன்ன அந்த நேரத்தில். ஊதச் சொல்லிப் பிடிக்க இதற்குக் கருவி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாத்து_டிரைவர்

நான் ஆம்னி பஸ். சென்னை - நாகர்கோவில் லைன். பேருக்கு இரண்டு டிரைவர். மாத்து டிரைவர் தூங்குவது எங்கே என்று பயணிகளுக்குத் தெரியாது. சில வண்டியில் முன்னால் படுக்கை மாதிரி ஒரு பலகை இருக்கும், சில வண்டியில் பக்கவாட்டு டிக்கியில் லக்கேஜோடு படுப்போம். குலுங்குகிற வண்டியில் நாலு மணி நேரம் படுத்தால் ஒரு மணி நேரம் தூங்கிய மாதிரி இருக்கும்.

கண்ணாடியை இறக்கிவிடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, வெற்றிலை, பாக்கு, பொடி, புளிப்பு மிட்டாய் எல்லாம் பார்த்தாச்சு. பத்து நிமிஷம் தாங்கும். போலீஸ்காரர்கள் சில இடத்தில் ராத்திரி வண்டியை ஓரங்கட்டச் சொல்லி முகம் கழுவ வைத்து டீ கொடுத்து அனுப்புவார்கள். நல்ல மனசு, தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணி காய்ந்ததும் தூக்கம் திரும்பி வந்துவிடும்.

ஒரு டிரைவருக்கு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 என்று 1961-லேயே மோட்டார் தொழிலாளர் சட்டம் சொன்னது. யூனியன்காரர் ஒருவர் காட்டினார். சிரிப்பு வந்தது. பொங்கல், தீபாவளிக்குப் போய் இறங்கின கையோடு திருப்பி எடு என்பார்கள்.

டாக்டரம்மா, தூங்காமல் வேறு வழியே இல்லையா? காபி எவ்வளவு குடிக்கலாம்?

டாக்டர்_பொன்னி

அண்ணே, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபின் முந்திக்கொண்டு உட்காருகிறது, அதனால் தூக்கம் தெரியாது. அடினோசின் எங்கேயும் போகவில்லை, வெளியே வரிசையில் நிற்கிறது. காஃபின் இறங்கியதும் மொத்தமாக உள்ளே வரும். தூங்கினால்தான் அது கரையும்.

செய்யக்கூடியது ஒன்று: கண் சொருகுகிறது என்று தோன்றிய உடனே பெட்ரோல் பங்கில் ஓரங்கட்டி ஒரு ஸ்ட்ராங் காபி குடித்துவிட்டு 15–20 நிமிடம் படுங்கள். காபி வேலை செய்ய அவ்வளவு நேரம் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஓட்டுநர்களை வைத்தே சோதித்திருக்கிறார்கள். நாசா நீண்ட தூர விமானிகளுக்குப் பறக்கும்போதே முறை வைத்துத் தூங்க நேரம் கொடுத்தபோது சராசரி 26 நிமிடத் தூக்கத்தில் விழிப்புணர்வு நன்றாகவே கூடியது. இது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கான ஒட்டுப்போடல். இரவு முழுக்க ஓட்ட இதை நம்பாதீர்கள். ஒரு மணி நேரம் படுத்துவிட்டு உடனே ஸ்டியரிங்கைப் பிடிக்கவும் வேண்டாம். ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்பினால் மூளை முழுசாக விழிக்கக் கால் மணி, அரை மணி ஆகும்.

மேகலா_தேவனஹள்ளி

டாக்டர் கடைசியாகச் சொன்னதற்கு நம் நாட்டிலேயே கசப்பான உதாரணம் இருக்கிறது. நான் விமானத் துறையில் பணிப்பட்டியல் போடும் பிரிவில் இருக்கிறேன், அதனால் இது எங்களுக்கு அடிக்கடி பாடமாக வரும்.

2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த விமானம் காலை ஆறு மணி வாக்கில் தரையிறங்கி ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள். காக்பிட் ஒலிப்பதிவில் விட்டு விட்டுக் கேப்டனின் குறட்டை. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தூங்கியிருக்கிறார். இறக்கத்துக்கு முன் எழுந்தவர், விமானம் சரியான உயரத்தில் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டு திரும்ப மேலே போகவில்லை. துணை விமானி திரும்ப மேலே போகலாம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொல்கிறார். விசாரணை அறிக்கை, தூக்கத்திலிருந்து எழுந்த மந்தநிலை அவர் முடிவெடுத்ததைப் பாதித்திருக்கலாம் என்று பதிவு செய்தது. அனுபவத்துக்குக் குறைவில்லாத மனிதர்.

2024 ஜனவரியில் வந்த புதிய பணிநேர விதியில் விமானிகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது, இரவு தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. 2025 நவம்பரில் முழுதாக அமலாகி, டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். விமானிகளுக்குத் தூங்க நேரம் கொடுத்தால் அட்டவணை நிற்காது என்றால் அந்த அட்டவணை இத்தனை நாள் எதன் மேல் நின்றது என்று யாரும் கேட்கவில்லை.

நூற்பாலை_ராசு

வேடசந்தூர் பக்கம் மில். பகல் ஷிஃப்ட், அரை நைட், முழு நைட். வாரா வாரம் மாறும். உடம்பு நைட்டுக்குப் பழகி வரும்போது பகல் ஷிஃப்ட் வந்துவிடும். 2023-இல் பன்னிரண்டு மணி நேர வேலைக்குச் சட்டம் போட்டு, எதிர்ப்பு வந்து திரும்பப் பெற்றார்களே, அந்த வாரம் மில்லில் வேறு பேச்சே இல்லை.

என் பிரச்சினை பகல் தூக்கம். ஏழு மணிக்கு வந்து படுத்தால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பத்து மணிக்கே காய ஆரம்பிக்கும். ஆடி மாதம் என்றால் கேட்கவே வேண்டாம், கூழ் ஊற்றி முடிக்கும் வரை குழாய் ஸ்பீக்கர். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரைதான் ஒலிபெருக்கிக்குத் தடை என்று சட்டம் சொல்கிறது. அந்த நேரத்தில்தான் நான் மில்லில் மிஷின் சத்தத்தில் நிற்கிறேன். பகலில் தூங்குகிறவனுக்கு என்ன சட்டம்?

ரயிலடி

ராசு, கேட்ட கேள்வி நூற்றுக்கு நூறு.

டாக்டர்_பொன்னி

ராசு, வாரா வாரம் மாற்றுவதுதான் ஷிஃப்ட் முறைகளிலேயே மோசமானவற்றில் ஒன்று. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கடிகாரம் ஓடும் திசையில் மாற்ற வேண்டும்: பகல், அப்புறம் அரை நைட், அப்புறம் முழு நைட். நம் உள் கடிகாரத்துக்குத் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னால் இழுப்பது கஷ்டம். 1982-லேயே அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து உப்புத் தாது ஆலை ஒன்றில் சார்லஸ் செய்ஸ்லர் குழு இதைச் செய்து காட்டியது. திசையை மாற்றி, ஒரு ஷிஃப்ட்டை மூன்று வாரம் நீட்டினார்கள். தொழிலாளர்களுக்கும் திருப்தி, உற்பத்தியும் கூடியது. முதலாளியிடம் பேசும்போது இரண்டாவதை முதலில் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இரவுப் பணியை 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் 2007-இல் சேர்த்தது, 2019-இல் மறுபடி பார்த்து அப்படியே வைத்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. நைட் அலவன்ஸ் பேசும்போது இதுவும் மேசையில் இருக்கட்டும்.

சும்மா_ஒருவன்

டாக்டர்கள் மட்டும் ஒழுங்கா? 36 மணி நேர டியூட்டி பார்த்துவிட்டு ஊசி போடுகிறீர்கள்.

டாக்டர்_பொன்னி

இதில் உங்களோடு சண்டை போட மாட்டேன். முதுநிலை படிக்கும்போது காலை எட்டுக்குப் போனால் மறுநாள் இரவுதான் விடுதிக்குத் திரும்புவோம். வலிப்பு மருந்தின் அளவை ஒரே சீட்டில் திரும்பத் திரும்பப் படித்தும் மண்டையில் ஏறாத இரவுகள் உண்டு. தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வாரம் 48 என்று மத்திய அரசு 1992-இல் சொன்னது. எந்த வார்டிலும் அதை நான் பார்த்ததில்லை.

நியூயார்க்கில் 1984-இல் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்ந்த இரவே இறந்தாள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்தோடு சேரக்கூடாத மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. பார்த்தவர்கள் நீண்ட டியூட்டியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள். தந்தை விடாமல் போராடி, 1989-இல் அந்த மாநிலத்தில் வாரம் 80 மணி நேரம் என்று உச்சவரம்பு வந்தது. 2004-இல் பாஸ்டனில் நீண்ட டியூட்டியையும் குறைத்த டியூட்டியையும் ஒப்பிட்டார்கள். பழைய முறையில் கடுமையான மருத்துவத் தவறுகள் 36 சதவீதம் அதிகம். தவறு செய்தவர்களில் எத்தனை பேர் 'எனக்குத் தூக்கம், என்னால் முடியாது' என்று சொல்லியிருப்பார்கள்? நாங்கள் யாரும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்பதுதான் எங்களுக்குக் கற்றுத்தரப்பட்ட முதல் பாடம்.

மீனா_மன்னார்குடி

பஸ், ரயில், விமானம், ஆஸ்பத்திரி எல்லாம் வந்துவிட்டது. கைக்குழந்தை வைத்திருப்பவளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எனக்கு மொத்தமாகக் கூட்டினால் ஆறு மணி நேரம் வரும். ஆனால் ஒன்றரை மணிக்கு ஒரு முறை எழுந்தால் அது ஆறு மணி நேரமா? போன வாரம் பால் பொங்கி வழிந்ததற்கு உட்கார்ந்து அழுதேன். மாமியார் 'நாங்களும்தான் பெத்தோம்' என்கிறார். அவர் பெற்றபோது வீட்டில் நாலு நாத்தனார் இருந்தார்கள்.

டாக்டர்_பொன்னி

மீனா, உங்கள் கணக்கு சரி. துண்டு துண்டான ஆறு மணி நேரம் ஆறு மணி நேரம் ஆகாது. தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றாக ஓடுகிறது. நீங்கள் சுற்றை முடிக்கும் நேரத்தில் குழந்தை எழுப்பிவிடுகிறது.

அழுகைக்கும் காரணம் இருக்கிறது. 2007-இல் ஒரு நாளுக்கு மேல் தூங்காதவர்களின் மூளையை ஸ்கேனில் வைத்து மனதைக் கலக்கும் படங்களைக் காட்டினார்கள். பயம், கோபம் கிளம்பும் அமிக்டலா பகுதி, தூங்கியவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது. அதை அடக்கிவைக்கும் முன்மூளையோடு இருக்கும் பிணைப்பும் தளர்ந்திருந்தது. பால் பொங்கியதற்கு அழுதது உங்கள் குணம் இல்லை. கதிர் வீட்டில் எரிந்து விழுவதும் அதே கதைதான்.

இரவில் ஒரு முறையாவது நாலு நாலரை மணி நேரம் உடையாமல் கிடைக்க வழி பண்ணுங்கள். பால் எடுத்து வைத்துவிட்டு அந்த ஒரு வேளையை வீட்டுக்காரர் பார்க்கட்டும். ஒன்றைக் கவனியுங்கள்: குழந்தை தூங்கும்போதும், மற்றவர் பார்த்துக்கொள்ளும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால், அல்லது எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கள் போனால், அது வெறும் களைப்பு இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். குணமாகக்கூடியது.

மெடிக்கல்_ஷாப்

தூக்கம் வரவில்லை என்று என்னிடம் வருபவர்கள் இரண்டு வகை. சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்பவர்கள், அவர்களுக்குக் கிடையாது. அலர்ஜி மாத்திரை வாங்கிப்போய்த் தூக்கத்துக்குப் போடுபவர்கள், இவர்கள்தான் அதிகம். மறுநாள் மதியம் வரை அதன் மந்தம் இருக்கும், அதோடு வண்டி ஓட்டுவார்கள். மாத்து டிரைவர் அண்ணன் மாதிரி ஆட்கள் சளிக்குக்கூட மாத்திரை கேட்கும்போது 'வண்டி ஓட்டுகிறேன்' என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

பிளஸ்டூ_அப்பா

பொதுத்தேர்வு நேரத்தில் பையன் இரவு முழுக்கப் படிக்கிறான். நன்றாகப் படித்தேன் என்கிறான். தடுக்கவா வேண்டாமா?

டாக்டர்_பொன்னி

தடுங்கள். கல்லூரி மாணவர்களை ஒரு இரவு தூங்காமல் வைத்துத் தேர்வு எழுத வைத்தார்கள், 1997-இல். தூங்கியவர்களைவிட மோசமாக எழுதினார்கள். ஆனால் தாங்கள்தான் நன்றாக எழுதினோம் என்று மதிப்பிட்டார்கள். படித்தது நினைவில் படிவதும் தூக்கத்தில்தான். பதின்வயதில் உள் கடிகாரமே கொஞ்சம் தள்ளி ஓடும், அதனால் அதிகாலை நாலு மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்புவதையும் விடுங்கள்.

ஆரோக்கிய_அங்காடி

[நெறியாளர்: உள்ளங்கால் எண்ணெய் விளம்பரம் நீக்கப்பட்டது. மூன்றாவது முறை.]

கதிர்_பெருங்குடி

எல்லோருக்கும் நன்றி. பைக் யோசனையை விட்டுவிட்டேன். ஆனால் நேற்று கேப் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எங்களை இறக்கிவிட்டுப் பள்ளிக்கூட டிரிப் அடிக்கிறாராம், மதியம் இரண்டு மணி நேரம் வண்டியிலேயே படுப்பாராம். இனி முன் சீட்டில் நான் உட்கார்ந்து பேசிக்கொண்டு வரலாம் என்று நினைக்கிறேன்.

பத்தரைக்கு விழிப்பு வந்துவிடுகிறதே, அதற்கு என்ன செய்வது?

ரயிலடி

தம்பி, பேசிக்கொண்டு வருவது நல்லதுதான். ஆனால் போக்குவரத்து மேலாளருக்கு ஒரு மெயில் போடு. அந்த டிரைவரைப் பார்த்து 'தூக்கமா இருக்கா' என்று கேட்டால் 'இல்ல சார்' என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்ல மாட்டார், அவருக்கே தெரியாது. அதைக் கேட்க வேண்டிய இடம் டிரிப் ஷீட். நாங்களும் அதைத்தான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தோம்: தூங்கினானா என்று பைலட்டைக் கேட்காதே, டியூட்டி முடித்த சைன் ஆஃப் எப்போது, அடுத்த டியூட்டிக்கு சைன் ஆன் எப்போது என்று புத்தகத்தைப் பார்.

சும்மா_ஒருவன்

இது நியாயம். ஆனால் அந்த டிரைவர் பள்ளிக்கூட டிரிப்பை விட்டால் வீட்டு வாடகை யார் கொடுப்பது? தூக்கம் இப்போது வசதிக்காரர் சமாச்சாரம் ஆகிவிட்டது.

மாத்து_டிரைவர்

நீங்கள் முதல் தடவையாகச் சரியாகப் பேசுகிறீர்கள்.

டாக்டர்_பொன்னி

கதிர், திரும்பி வரும்போது கறுப்புக் கண்ணாடி போடுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் மூளை 'விடிந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்ளும். அறை இருட்டாக இருக்கட்டும், தடித்த திரை போதும். கடைசி டீ இரவு பன்னிரண்டு மணிக்குள். பத்தரைக்கு எழுந்தால் எழுந்துவிட்டுப் போங்கள், ஆனால் மாலை நாலு மணிக்கு ஒன்றரை மணி நேரம் மறுபடி படுங்கள். தாத்தா திண்ணையில் செய்ததுதான்.

அதைவிட முக்கியமாக நான் கேட்க வேண்டியது உங்கள் குறட்டை. வயது 34, தொப்பை, சர்க்கரை ஏறுகிறது, பகலில் எரிச்சல். குறட்டை நடுவில் சில விநாடி நின்று அப்புறம் திணறலோடு திரும்பத் தொடங்குகிறதா என்று வீட்டில் கேளுங்கள். கழுத்துச் சுற்றளவையும் அளந்து சொல்லுங்கள்.

கதிர்_பெருங்குடி

கேட்டேன். 'பாதியில் நின்றுபோகும், எனக்குப் பயமாக இருக்கும், தட்டி எழுப்புவேன்' என்கிறாள். என்னிடம் சொன்னதே இல்லை. கழுத்து 42 சென்டிமீட்டர். ரத்த அழுத்தமும் 138/90 என்று அந்த அறிக்கையில் இருக்கிறது, அதை நான் கவனிக்கவில்லை.

டாக்டர்_பொன்னி

அப்படியானால் மூச்சுத் தடையாக இருக்க வாய்ப்பு அதிகம். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி அடைபடும், ஆக்சிஜன் இறங்கும், மூளை அரைகுறையாக விழித்து மூச்சைத் திறந்துவிடும். இரவில் இது பல முறை நடந்தும் காலையில் ஒன்றும் நினைவிருக்காது. அப்படியிருந்தால் நீங்கள் ஒன்பது மணி நேரம் படுத்தாலும் தூங்கியதாக ஆகாது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுவதற்கு இதுவும் காரணமாகலாம். ஷிஃப்ட்டை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் இது தப்பிவிடும்.

நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது மூச்சு, ஆக்சிஜன் எல்லாம் அளக்கும் பரிசோதனை) கேளுங்கள். உறுதியானால் சிபாப் கருவி (முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுவழியைத் திறந்து வைப்பது), எடைக் குறைப்பு, பக்கவாட்டில் படுப்பது எனப் பல வழி இருக்கிறது. அது வரை தூக்க மாத்திரையும் இரவு பியரும் வேண்டாம்; இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்தும்.

கதிர்_பெருங்குடி

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். ஒரு இரவு அங்கேயே தங்க வேண்டுமாம். நான் பகலில்தானே தூங்குகிறேன் என்றதற்கு, பகலிலேயே வைத்துக்கொள்ளலாம், காலை ஆறரைக்கு வாருங்கள் என்றார்கள். எதையாவது எடுத்துப் போக வேண்டுமா?

டாக்டர்_பொன்னி

கைலி, தலையணை, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். முந்தின நாள் மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். தலைக்குக் குளித்துவிட்டுப் போங்கள், எண்ணெய் வைக்காதீர்கள். மண்டையில் ஒட்டும் சென்சார் எண்ணெய்த் தலையில் நிற்காது.